சீட் ரெயில் மாற்றும்போது எந்த ரிவெட்? செஸ்னா 172 தளத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

விமான சீட் முன்னும் பின்னும் ஓடும் தடமான சீட் ரெயிலை மாற்றும் வேலையில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் "எது பலமானது?" என்பதுதான். பழைய ரிவெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போல்ட் போட்டால் இன்னும் உறுதியாகுமே என்று தோன்றும். பட்டியலைப் புரட்டினால் அடித்துப் பொருத்தும் 1/8 அங்குல சாலிட் ரிவெட்டின் வெட்டு வலிமை 388 பவுண்டு என்றும், ஒரு பக்கத்திலிருந்தே இழுத்துப் பொருத்தும் அதே அளவு செர்ரிமேக்ஸ் ரிவெட்டுக்கு 664 பவுண்டு என்றும், ஏஎன்3 என்ற விமான போல்ட்டுக்கு 2,000 பவுண்டுக்கு மேல் என்றும் இருக்கும். இதைப் பார்த்து முடிவெடுப்பவர் தவறான இடத்தில் பார்க்கிறார். ரெயிலை எது பிடித்து நிறுத்தும் என்பதை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன: பின்பக்கம் கை போகுமா, துளை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அடியில் இருக்கும் தகடு எவ்வளவு தடிமன், சீட் ஓடும்போது ரிவெட் தலை எதிலாவது இடிக்குமா. வலிமை எண் இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

இந்த ஆய்வுக்கு 1970களில் கட்டப்பட்ட செஸ்னா 172 ஒன்றில் விமானி சீட்டின் உள்பக்க ரெயிலை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் துளை எண்ணிக்கையும் தகட்டுத் தடிமனும் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் விமானத்தில் வெர்னியர் காட்டுவதுதான் உங்கள் கணக்கு.

ரெயில் ஏன் மாற்றப்படுகிறது

செஸ்னாவின் சீட் பூட்டு எளிமையான அமைப்பு. ரெயிலின் மேல்முகத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஸ்பிரிங் தள்ளும் பூட்டுப் பின் (உலோக ஊசி) அவற்றில் ஒன்றுக்குள் இறங்கி சீட்டை நிறுத்துகிறது. ஒரே விமானி ஒரே துளையில் பல வருடம் உட்கார்ந்தால் அந்தத் துளை மட்டும் பின்பக்கமாகத் தேய்ந்து நீளும். பூட்டுப் பின் துளைக்குள் முழுதாக இறங்காமல் ஓரத்தில் தொத்தி நிற்கும். விமானம் ஓடுதளத்தை விட்டு மூக்கைத் தூக்கும் நொடியில் சீட் பின்னால் வழுக்கினால், விமானியின் கை கட்டுப்பாட்டு யோக்கோடு சேர்ந்து பின்னால் போகும். மூக்கு மேலும் ஏறும், இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். தரைக்குப் பக்கத்தில் அதிலிருந்து மீள உயரம் கிடைக்காது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 1987இல் 87-20-03 என்ற கட்டாய உத்தரவை வெளியிட்டதும், 2011இல் அதற்குப் பதிலாக 2011-10-09 என்ற உத்தரவைக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். 1989இல் ஃபுளோரிடாவில் விபத்துக்குள்ளான ஒரு செஸ்னா 185 தொடர்பான வழக்கில், சீட் பூட்டை மையமாக வைத்து 2001இல் பென்சகோலா ஜூரி 48 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. ஒரு சின்னத் துளையின் தேய்மானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

உத்தரவின்படி 100 மணி நேரப் பறப்புக்கோ 12 மாதத்துக்கோ, எது முந்துகிறதோ அப்போது ரெயிலைச் சோதிக்க வேண்டும். துளையின் குறுக்களவு 0.36 அங்குலத்தைத் தாண்டினால் சோதனை இடைவெளி 50 மணி நேரமாகக் குறையும். 0.42 அங்குலத்தைத் தாண்டினால் ரெயிலை மாற்றாமல் பறக்கக் கூடாது. பூட்டுப் பின் துளைக்குள் குறைந்தது 0.15 அங்குலம் இறங்க வேண்டும். அளக்கும்போது சீட்டின் முன்பக்கத்தை மேலே தூக்கிப் பிடித்து ஆட்டத்தை எடுத்துவிட்டு அளக்க வேண்டும். சீட்டைக் கீழே அழுத்தி வைத்து அளப்பவருக்கு எப்போதும் நல்ல எண்ணே வரும், ஆனால் அது உண்மையான எண் இல்லை. நம் ரெயிலில் ஒரு துளை 0.43 காட்டுகிறது. மாற்ற வேண்டியதுதான்.

2007இல் செஸ்னா எஸ்ஈபி07-5 என்ற சேவை அறிக்கை மூலம் ரீல் வகை இரண்டாம் நிலை நிறுத்தியைக் கொண்டுவந்தது. பூட்டு தவறினாலும் சீட் பின்னால் ஓடாமல் அது பிடிக்கும். பொருத்த வேண்டிய நல்ல பொருள்தான். ஆனால் தேய்ந்த ரெயிலுக்கு அது மாற்று ஆகாது.

ரெயிலின் மேல் என்ன பாரம் வருகிறது

இது தெரியாமல் ரிவெட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. பழைய 172களில் முன் சீட் பெல்ட்டுகள் தளத்தில் இருக்கும் தனிப் பொருத்துகளில் மாட்டப்பட்டவை. அதனால் விபத்தில் உடலின் பாரம் முழுவதும் ரெயில் வழியாகப் போவதில்லை. ரெயில் சுமப்பது சீட்டின் பாரத்தையும், சீட் முன்னோக்கிக் கவிழப் பார்க்கும்போது பின் ரோலர்கள் ரெயிலை மேலே இழுக்கும் பாரத்தையும்தான். 1996க்குப் பிறகு வந்த 172ஆர், 172எஸ் மாடல்களின் சீட் வடிவமைப்பு வேறு. இங்கே சொல்வதை அப்படியே அவற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது.

விபத்துப் பாரத்தை விடுங்கள், அன்றாடப் பாரமே போதும். விமானி ஏறும்போது சீட்டின் முதுகைப் பிடித்துத் தொங்குகிறார். உட்கார்ந்தபின் காலை ஊன்றிப் பின்னால் சாய்கிறார். ஒவ்வொரு முறையும் ரெயிலின் ஒரு முனை மேலே இழுபடுகிறது. ரிவெட் மீது வருவது பக்கவாட்டு வெட்டு மட்டும் இல்லை, மேல்நோக்கிய இழுவையும் சேர்ந்து வருகிறது. ஏடி எனப்படும் அலுமினியக் கலவை சாலிட் ரிவெட் வெட்டைத் தாங்குவதற்கென்றே ஆனது, இழுவையில் அதன் தலையும், அடிக்கும்போது மறுமுனையில் விரியும் அடித்த தலையும் அவ்வளவு பலமில்லை. அதனால்தான் தொழிற்சாலை ஒரே பெரிய போல்ட் போடாமல், ரெயிலின் அடித்தட்டில் நடுச்சுவரின் இருபுறமும் நெருக்கமாகப் பல சிறு ரிவெட்டுகளை வைத்தது. பாரம் பரவிக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டைக் கெடுக்காமல் மாற்றுவதுதான் வேலை.

பழைய ரெயிலில் ரிவெட் தலையைச் சுற்றி வால்நட்சத்திரம் போல கறுப்புக் கோடு தெரிந்தால் அந்த ரிவெட் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது என்று பொருள். கழற்றுமுன் அந்த இடங்களை மார்க்கரால் குறித்து வைக்க வேண்டும். அங்கே துளை நிச்சயமாக வட்டமாக இருக்காது. பெரும்பாலும் பின் முனையில்தான் இவை கூடுகின்றன.

கழற்றுதல்

172இல் எரிபொருள் குழாய்கள் கதவுத் தூண் வழியாக இறங்கி, தளத்துக்கு அடியில் ஓடி செலக்டர் வால்வுக்குப் போகின்றன. கட்டுப்பாட்டுக் கேபிள்களும் மின்கம்பிகளும் அதே இடுக்கில்தான் ஓடுகின்றன. டிரில் பிட்டில் ஸ்டாப் போடாமல் துளையிடுபவர் ஒரு நாள் குழாயில் இறக்கிவிடுவார். முதலில் தளத்தின் மூடிகளையும் வயிற்றுப்பக்கத் தகடுகளையும் திறந்து, ஒவ்வொரு துளைக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணாலும் கண்ணாடியாலும் பார்த்துவிட வேண்டும். பின்பக்கம் பக்கிங் பார், அதாவது ரிவெட் அடிக்கும்போது மறுபக்கம் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை, போகுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அதை எழுதி வைத்தால் ரிவெட் தேர்வில் பாதி வேலை முடிந்தது.

ஏடி ரிவெட்டின் தலையில் நடுவில் ஒரு குழி இருக்கும். சென்டர் பஞ்ச் வைக்க அதுவே போதும். தலையின் ஆழத்துக்கு மட்டும் துளையிட்டு, பஞ்சால் நெம்பித் தலையை எடுக்க வேண்டும். பிறகு தகட்டுக்கு அடியில் கட்டை வைத்துத் தாங்கிக்கொண்டு தண்டைத் தட்டி இறக்க வேண்டும். தண்டு முழுவதையும் டிரில் செய்து எடுப்பதுதான் துளைகள் முட்டை வடிவாவதற்கு முதல் காரணம். பிட் ரிவெட்டின் மையத்திலிருந்து நழுவினால் மென்மையான ரிவெட்டையும் தகட்டையும் சேர்த்துத் தின்னும்.

பழைய பிளைண்ட் ரிவெட் (ஒரு பக்கத்திலிருந்தே பொருத்தும் ரிவெட்) இருந்தால், அதாவது இந்த ரெயில் ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்டிருந்தால், அதன் பின்பாதி வயிற்றுக்குள் விழும். எத்தனை எடுத்தோம், எத்தனை திரும்பக் கிடைத்தன என்று எண்ண வேண்டும். கேபிள் கப்பியில் ஒன்று சிக்கினாலே போதும், கட்டுப்பாடு இறுகிவிடும்.

துளைகளின் கணக்கு

நம் ரெயிலில் 28 ரிவெட் துளைகள். ரெயிலை எடுத்தபின் நிலைமை இது: 20 துளைகள் வட்டமாக, பின்பக்கம் கை போகும்படி இருக்கின்றன. 5 துளைகள் வட்டமானவை, ஆனால் கீழே பல்க்ஹெட் (குறுக்குச் சுவர்) இருப்பதால் பக்கிங் பார் நுழையாது. 3 துளைகள் நீண்டுவிட்டன. அவற்றில் 2 பின் முனையிலும், 1 நடுவில் கை போகாத இடத்திலும் இருக்கின்றன.

அடுக்கின் தடிமன்: ரெயிலின் அடித்தட்டு 0.090, தளத்தகடு 0.032, கீழே தகட்டை விறைப்பாக்கும் பட்டையான விறைப்பான் 0.040. மொத்தம் 0.162 அங்குலம்.

வட்டமான 20 துளைகளுக்கு யோசிக்கவே தேவையில்லை. உதிரிபாகப் பட்டியல் என்ன சொல்கிறதோ அதுதான், இங்கே எம்எஸ்20470ஏடி4. அந்த 4 என்றால் 4/32, அதாவது 1/8 அங்குல விட்டம். துளை 30ஆம் எண் பிட், 0.1285. நீளம் கணக்கிட அடுக்கின் தடிமனோடு ஒன்றரை விட்டத்தைக் கூட்ட வேண்டும்: 0.162 + 0.1875 = 0.3495. ஏடி4-5 என்றால் 0.3125, அது போதாது. ஏடி4-6 என்றால் 0.375. ரிவெட் கட்டரில் 0.350க்கு வெட்டிக்கொள்ளலாம். அடித்த தலையின் விட்டம் ஒன்றரை மடங்கு, அதாவது 0.1875, உயரம் அரை மடங்கு, 0.0625. நீளம் கூடினால் அடித்த தலை ஒருபக்கம் சாயும், குறைந்தால் தகட்டைப் பிடிக்கப் பொருள் இருக்காது. இரண்டும் கண்ணுக்குத் தெரியும், கேஜ் வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

சாலிட் ரிவெட்டை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், அது அடிக்கும்போது வீங்கித் துளையை முழுதாக நிரப்புகிறது. துளையில் இடைவெளியே இல்லாததால் ரெயில் ஆடத் தொடங்குவதில்லை. ஆடாத இணைப்பில் தேய்மானமும் வராது.

வெட்டு வலிமை கூடுதலாக இருக்கிறதே என்று டிடி வகை ரிவெட்டைத் தேடுபவர்களும் உண்டு. 2024 கலவையில் ஆன அந்த ரிவெட்டை வெப்பப் பதப்படுத்திக் குளிர்பெட்டியில் வைத்து, எடுத்த சிறிது நேரத்தில் அடிக்க வேண்டும். கடினமான அந்த ரிவெட்டைப் பதப்படுத்தாமல் அப்படியே அடித்தால் தகடு வளையும், ரிவெட்டின் ஓரம் வெடிக்கும். ஏடி வகையை அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே அடிக்கலாம். தொழிற்சாலை தேர்ந்ததும் அதுதான், விட்டுவிடுங்கள்.

கை போகாத இடம்

5 துளைகளுக்கு பிளைண்ட் ரிவெட்தான் வழி. இங்கே மிக மோசமான தவறு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பாப் ரிவெட்டை வைப்பது. அது உள்ளே வெற்றுக் குழல். நடுத்தண்டு ஒடிந்து விழுந்துவிட்டால் மிச்சமிருப்பது மெல்லிய அலுமினியக் குழல் மட்டும். பாரம் தாங்கும் இடத்தில் சாலிட் ரிவெட்டுக்குப் பதிலாக வெற்று ரிவெட் போடுவதை எஃப்ஏஏவின் 43.13-1பி கையேடும் தனி அனுமதி இல்லாமல் ஏற்பதில்லை.

செர்ரிமேக்ஸ் வேறு பொருள். சிஆர்3213 வகையில் வெளிக்குழல் 5056 அலுமினியம், நடுத்தண்டு எஃகு. தண்டு இழுபட்டு ஒடியும்போது ஒரு வளையம் அதைக் குழலுக்குள் பூட்டிவிடுகிறது. தண்டு உள்ளேயே நின்று பாரத்தில் பங்கெடுக்கிறது. 664 பவுண்டு என்ற எண் அந்த எஃகுத் தண்டால் வருவதுதான். ஆனால் 0.032 தளத்தகட்டின் துளை ஓரம் அந்த எண்ணைக் கேட்காது. பாரம் ஏறினால் ரிவெட் வெட்டுப்படும் முன் தகட்டின் துளை நீளும். எஃகுத் தண்டு எவ்வளவு உறுதியானாலும், அதைத் தாங்கும் தகடு அதே பழைய தகடுதான்.

செஸ்னாவின் கட்டமைப்புப் பழுதுபார்ப்பு நூலில் சாலிட் ரிவெட்டுக்குப் பதிலாக எந்த பிளைண்ட் ரிவெட், எந்தத் தடிமனில் போடலாம் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அது தகட்டின் தடிமனை வைத்துப் பேசும். தடிமன் போதுமானால் அதே அளவு. மெல்லிய தகட்டில் ஓர் அளவு பெரியது. அந்த அட்டவணையைத் திறக்காமல் பிளைண்ட் ரிவெட் போடக் கூடாது. அதில் இல்லாத மாற்றம் வேண்டுமென்றால் பொறியியல் ஒப்புதல் வாங்கித்தான் போட வேண்டும்.

நம் அடுக்குக்கு, அட்டவணை அனுமதித்தால், சிஆர்3213-4-3. கடைசி 3 என்பது அடுக்கின் மேல்வரம்பு 3/16 அங்குலம், அதாவது 0.187. நம் 0.162 அதற்குள் வருகிறது. அடுக்கின் தடிமனை, அதாவது கிரிப்பை, காட்டும் கிரிப் கேஜை ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டு அளக்க வேண்டும். அடியில் விறைப்பானின் விளிம்பு வளைந்த இடத்தில், மேலே 0.162 இருந்தாலும் கேஜ் வேறு எண் காட்டலாம். கிரிப் கூடிய ரிவெட் போட்டால் பின்பக்க வீக்கம் தகட்டைத் தொடாமல் தொங்கும், தலையைத் தட்டிப் பார்த்தால் சுழலும். கிரிப் குறைந்தது போட்டால் வீக்கமே சரியாக வராது. துளை 0.129க்கும் 0.132க்கும் இடையில் இருக்க வேண்டும். இதைவிடப் பெரிய துளையில் குழல் துளையை நிரப்பாது, வளையமும் சரியாகப் பூட்டாது.

இழுத்து முடித்தபின் கண்ணை ரிவெட் தலைக்கு நேராகக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒடிந்த தண்டும் பூட்டு வளையமும் தலையின் மட்டத்தோடு இருந்தால் சரி. தண்டு துருத்தி நின்றாலோ, வளையம் தலைக்கு மேல் ஏறி நின்றாலோ, தண்டு தலைக்குள் ஆழமாக இறங்கியிருந்தாலோ எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். துருத்தியதை அரம் வைத்து மட்டப்படுத்தினால் பூட்டு வந்ததா வரவில்லையா என்பதற்கான ஒரே சாட்சியும் அழிந்துவிடும்.

நீண்டுவிட்ட மூன்று துளைகள்

இங்கேதான் பலர் கைக்கு வந்த பெரிய ரிவெட்டை எடுக்கிறார்கள். பெரிய விட்டத்துக்கு மாறும்முன் விளிம்புத் தூரத்தை அளக்க வேண்டும். துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை குறைந்தது இரண்டு விட்டம் இருக்க வேண்டும். ரெயிலின் அடித்தட்டில் மட்டும் அளந்தால் போதாது, அடியில் மறைந்திருக்கும் விறைப்பானின் விளிம்பையும் அளக்க வேண்டும். பெரும்பாலும் அதுதான் குறுகலானது.

ஏடி4க்கு இரண்டு விட்டம் 0.250. ஏடி5க்கு, அதாவது 5/32க்கு, 0.3125. பின் முனையின் இரு துளைகளிலும் விறைப்பானில் 0.32 இருக்கிறது. ஏடி5 போடலாம், ஆனால் ஒட்டித்தான் இருக்கிறது. துளையை 21ஆம் எண் பிட்டில், 0.159க்கு, சுத்தப்படுத்த வேண்டும். நீண்ட துளை அந்த விட்டத்தில் முழு வட்டமாக வந்ததா என்று பிறகு பார்க்க வேண்டும். நீளம்: 0.162 + 0.234 = 0.396. ஏடி5-6 போதாது, ஏடி5-7ஐ வெட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். ஏடி4இன் தலை விட்டம் 0.250, ஏடி5இன் தலை 0.312. ரெயிலின் நடுச்சுவர் அடித்தட்டோடு சேரும் இடத்தில் ஒரு வளைவு இருக்கிறது. பெரிய தலையின் ஓரம் அந்த வளைவின் மேல் ஏறினால் தலை தட்டையாக உட்காராது. ஒரு பக்கம் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், அங்கிருந்து விரிசல் தொடங்கும். அடிக்குமுன் ரிவெட்டைத் துளையில் வைத்துத் தலைக்கு அடியில் மெல்லிய ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பது அரை நிமிட வேலை.

நடுவில் இருக்கும் மூன்றாவது துளையில் விறைப்பானின் விளிம்புத் தூரம் 0.29தான். ஏடி5க்கு 0.3125 வேண்டும், ஆகாது. கையும் போகாது. இதற்கென்றே மிகை அளவு செர்ரிமேக்ஸ் இருக்கிறது. சிஆர்3243-4 என்பது 1/64 அங்குலம் கூடுதல் விட்டமுள்ளது, சுமார் 0.140. இரண்டு விட்டம் 0.281, நம் 0.29க்குள் அடங்குகிறது. துளை 27ஆம் எண் பிட்டில் 0.143க்கும் 0.146க்கும் இடையில் வர வேண்டும். பழைய துளையின் நீண்ட பக்கம் 0.138 என்றால் இந்த அளவில் வட்டமாகிவிடும். 0.150 என்றால் ஆகாது. அப்போது ரிவெட் தேர்வு முடிந்துவிட்டது. அது தளத்தகட்டுக்கும் விறைப்பானுக்கும் பழுதுபார்ப்பு. ஒட்டுத்தகடு வைக்க வேண்டும், அல்லது பழைய துளையை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுத் துளை போட இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளைக்குத் துளை இடைவெளி குறைந்தது மூன்று விட்டம் என்ற விதி அங்கே குறுக்கே வரும்.

போல்ட் ஏன் வேண்டாம், எங்கே வேண்டும்

ஏஎன்3 போல்ட்டின் விட்டம் 3/16. இரண்டு விட்டம் 0.375. நம் விறைப்பானில் எந்தத் துளையிலும் அந்தத் தூரம் இல்லை. கதை அங்கேயே முடிந்தது. இடம் இருந்தாலும் இன்னும் இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது தலை. எம்எஸ்20470ஏடி4 தலையின் உயரம் 0.054 அங்குலம். ஏஎன்3 போல்ட் தலை 0.125, குறுக்கே 3/8. சீட்டின் ரோலர் கூட்டில் இருக்கும் நாக்குகள் ரெயிலின் மேற்பகுதியைச் சுற்றி வளைந்து அடித்தட்டுக்கு நெருக்கமாக ஓடுகின்றன. ஏற்கெனவே தேய்ந்து தாழ்ந்த கூடாக இருந்தால் இன்னும் நெருக்கம். உயர்ந்த தலை ஒன்று வழியில் நின்றால் சீட் அங்கே தட்டும். விமானி பூட்டிவிட்டதாக நினைப்பார். சீட் உண்மையில் தலையில் முட்டி நின்றிருக்கும், பூட்டுப் பின் துளைக்கு முன்னாலேயே நிற்கும். நாம் தடுக்க நினைத்த ஆபத்தையே நம் கையால் வைத்ததாகிவிடும்.

இரண்டாவது, ரிவெட்டும் போல்ட்டும் ஒரே வரிசையில் சேர்ந்து பாரம் சுமப்பதில்லை. போல்ட்டைச் சுற்றித் துளையில் சிறு இடைவெளி எப்போதும் உண்டு. ரிவெட்டுகள் நெகிழ்ந்து ரெயில் அந்த இடைவெளி அளவு நகர்ந்த பிறகுதான் போல்ட் பாரத்தைத் தொடும். அதற்குள் பக்கத்து ரிவெட்டுகள் தளர்ந்துவிட்டிருக்கும்.

தொழிற்சாலையே போல்ட்டோ ஸ்க்ரூவோ போட்ட இடத்தில் அதையேதான் திரும்பப் போட வேண்டும். ஏஎன் போல்ட் தலையில் நட்சத்திரக் குறி இருக்கும். ஹார்ட்வேர் கடையின் கிரேடு 8 போல்ட் பலமானதுதான், ஆனால் அதன் மரை நீளமானது, துளைக்குள்ளேயே மரை உட்காரும். மரை தகட்டை அரிக்கும், துளை சீக்கிரம் நீளும். பிடிப்பகுதி அடுக்கின் தடிமனுக்குச் சமமாக இருக்கும்படி நீளம் எடுத்து, மிச்சத்தை வாஷரில் சரி செய்ய வேண்டும்.

ஸ்க்ரூவில் குழப்பம் தருவது அடுத்தடுத்த இரண்டு எண்கள். எம்எஸ்24693 பாரம் தாங்காத சாதாரண ஸ்க்ரூ. எம்எஸ்24694 பாரம் தாங்கும் வகை. பெட்டியில் கலந்துவிட்டால் பார்வையில் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும்.

10-32 மரையுள்ள போல்ட்டில் எம்எஸ்21044என்3 போன்ற நைலான் வளைய நட் போட்டால் முறுக்கு 20 முதல் 25 அங்குல பவுண்டு, அதோடு நட் தானாகச் சுழலத் தேவைப்படும் உராய்வு முறுக்கையும் கூட்ட வேண்டும். பழைய நட்டைத் திரும்பப் போடுவதானால் அதன் உராய்வு முறுக்கு குறைந்தது 2 அங்குல பவுண்டு இருக்க வேண்டும். விரலால் சுழன்றால் குப்பையில் போடுங்கள், புது நட்டின் விலை ஒரு தேநீருக்கு மேல் இல்லை.

புதிய ரெயிலில் துளையிடுதல்

அடித்தட்டில் ரிவெட் துளைகள் இல்லாமல் வரும் ரெயிலுக்குப் பழைய ரெயிலே வார்ப்புரு. இரண்டையும் அடித்தட்டோடு அடித்தட்டாகச் சேர்த்துக் கிளாம்ப் போட்டு, பூட்டுத் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி நேராக்க வேண்டும். எந்தத் துளைகளை வைத்து நேராக்குவது? தேய்ந்த துளைகளை வைத்தால் ரெயில் பின்னால் தள்ளிப் போகும். யாரும் உட்காராத முன்முனைத் துளைகளைப் பாருங்கள், அவை இன்றும் தொழிற்சாலை விட்டபடியே இருக்கும். அவற்றில் சரியான விட்டமுள்ள குத்தூசிகளை நிறுத்தி ரெயில்களைக் கோத்தால் நகராது.

முதலில் 40ஆம் எண் பிட்டில், 0.098க்கு, சிறு துளைகள். நீண்டுவிட்டதாகக் குறித்த மூன்று இடங்களில் வார்ப்புருவைப் பின்பற்றக் கூடாது. அவற்றைத் தளத்தில் ரெயிலை வைத்தபின் அங்கேயே துளையிட வேண்டும். ரெயிலைத் தளத்தில் வைத்து, வெள்ளி நிறக் கிளிக்கோக்களை (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் ஸ்பிரிங் பிடிப்பான்கள்) ஒன்றுவிட்டு ஒரு துளையில் போட்டு, 30ஆம் எண்ணுக்கு விரிவுபடுத்தி, மறுபடி எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொரு அடுக்கிலும் பிசிறு எடுக்க வேண்டும். அடுக்குகளுக்கு இடையில் ஒரு டிரில் சுருள் சிக்கினால் ரிவெட் எவ்வளவு நன்றாக அடித்தாலும் தகடுகள் சேராது, அந்த ரிவெட் முதல் மாதமே தளர்ந்து கறுப்புக் கோடு காட்டத் தொடங்கும். அலுமினியச் சுருளைக் காந்தம் எடுக்காது. வேக்குவம் வைத்து உறிஞ்சி, மூலைகளை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

கதவு ஒழுக்கால் மழைநீரும் காலணி ஈரமும் கம்பளத்துக்கு அடியில் ரெயிலோரம்தான் தேங்குகின்றன. சேரும் முகங்கள் இரண்டுக்கும் எபாக்ஸி பிரைமர் அடித்து, காயுமுன் அல்ல, காய்ந்தபின் சேர்க்க வேண்டும். செர்ரிமேக்ஸின் எஃகுத் தண்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு வரும், அவற்றின் தலையில் பிரைமர் தொட்டு வைப்பது நல்லது.

ரிவெட் அடிக்குமுன் கிளிக்கோவோடு நிற்கும் ரெயிலில் சீட்டை ஏற்றி முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். கிளிக்கோ இடிக்கும் இடங்களில் அதை மாற்றி மாற்றிக் கழற்றிக்கொள்ளலாம். இரண்டு ரெயில்களும் இணையாக இல்லாவிட்டால் சீட் ஒரு முனையில் இறுகும், அப்போது திருத்தலாம். அடித்தபின் திருத்த 28 ரிவெட்டையும் எடுக்க வேண்டும்.

அடிக்கும்போது நடுவிலிருந்து முனைகளை நோக்கிப் போக வேண்டும். ரெயிலின் மேற்பகுதி அடித்தட்டுக்கு மேல் துருத்திக்கொண்டிருப்பதால் நேரான ரிவெட் செட் சாய்ந்து இறங்கும், தலையில் பிறை வடிவத்தில் வெட்டு விழும். வளைந்த ஆஃப்செட் செட் இதற்கென்றே இருக்கிறது. செர்ரிமேக்ஸ் இழுக்கும் கருவியிலும் அதே பிரச்சினை: மூக்கு தலையோடு செங்குத்தாக உட்காரவில்லை என்றால் தண்டு சாய்ந்து ஒடியும், குறுகிய இடத்துக்கான மூக்கை மாட்ட வேண்டும்.

முடித்தபின் சீட்டை ஏற்றி ஒவ்வொரு பூட்டுத் துளையிலும் பின் தானாக இறங்குகிறதா என்று பாருங்கள். சீட்டின் முன்பக்கத்தைத் தூக்கி 0.15 அங்குலத்தை மறுபடி அளக்க வேண்டும். ரெயில் புதிது, பூட்டுப் பின் பழையது. அதன் முனை உருண்டிருந்தால் புது ரெயிலிலும் 0.15 வராது. ரோலர் கூட்டின் நாக்குகளையும் இப்போதே அளந்துவிடுங்கள். ரெயிலின் முன் முனையிலும் பின் முனையிலும் இருந்த நிறுத்திகள் திரும்பப் போடப்பட்டனவா என்று கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். கழற்றும்போது பையில் போட்டது பையிலேயே தங்கிவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கிறது.

பதிவேட்டில் ரெயிலின் பாக எண், 2011-10-09 உத்தரவு நிறைவேறியது, ரிவெட்டுகளின் எண்களும் எண்ணிக்கையும் எல்லாம் வர வேண்டும்: ஏடி4 20, ஏடி5 2, சிஆர்3213-4-3 5, சிஆர்3243-4-3 1. எந்தத் துளையில் எது என்று சிறு படமும் சேர்த்தால், அடுத்த முறை இந்த ரெயிலை எடுப்பவர் மிகை அளவு ரிவெட் இருக்கும் துளைக்கு வரும்போது பிட்டை மாற்றிக்கொள்வார்.